ஆஸ்டிக்கெட் ஹெல்ப்டெஸ்க் செட்டிங்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்டிக்கெட் என்பது பிஎச்பியில் எழுதப்பட்டு, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஓடும் திறமூல டிக்கெட் மென்பொருள்; வாடிக்கையாளரின் ஒவ்வொரு புகாரும் எண்ணிட்ட ஒரு 'டிக்கெட்' ஆகப் பதிவாகும். ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பதால், சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் மென்பொருளுக்குக் காசு கிடையாது. நிறுவுவது பெரிய வேலையில்லை. அட்மின் பேனலைத் திறந்த பிறகுதான் மலைப்பு வரும். செட்டிங்ஸ், மேனேஜ், ஈமெயில்ஸ், ஏஜென்ட்ஸ் என்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பக்கம் பக்கமாகக் கட்டங்கள். இதில் பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டாம். யாருக்கு, எப்போது, எந்த மெயில் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் கட்டங்களில்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் 1.17, 1.18 பதிப்புகளை வைத்து எழுதியவை.

நிறுவி முடித்தாயிற்று. முதலில் எதைத் தொடுவது?

செட்டிங்ஸுக்குப் போகும் முன் சர்வரில் இரண்டு வேலை பாக்கி இருக்கும். 'செட்டப்' ஃபோல்டரை அழித்துவிடுங்கள். கான்ஃபிக் கோப்புக்கு நிறுவும்போது கொடுத்த எழுதும் அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். இவை இரண்டும் முடியும்வரை அட்மின் பேனல் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் செட்டிங்ஸ் → சிஸ்டம். அங்கே ஹெல்ப்டெஸ்க் யூஆர்எல், பெயர், இயல்பான டிபார்ட்மென்ட், நேர மண்டலம் ஆகிய நான்கையும் சரிபார்த்தால் முதல் நாளுக்குப் போதும். யூஆர்எல்லைப் பலர் கவனிப்பதே இல்லை. வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு மெயிலிலும் 'உங்கள் டிக்கெட்டைப் பார்க்க' என்ற இணைப்பு இந்தக் கட்டத்தில் உள்ள முகவரியை வைத்துத்தான் உருவாகிறது. சொந்த லேப்டாப்பில் சோதித்துவிட்டு அப்படியே சர்வருக்கு மாற்றியவர்கள் பலருடைய மெயில்களில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இணைப்பு போவது இதனால்தான்.

நிறுவும்போதே சப்போர்ட், சேல்ஸ், மெயின்டனன்ஸ் என்று மூன்று டிபார்ட்மென்ட் வந்துவிடும். அவற்றை அழிப்பதைவிட உங்கள் அலுவலகப் பெயர்களுக்கு மாற்றிக்கொள்வது எளிது.

ஹெல்ப்டெஸ்க் நிலையை 'ஆஃப்லைன்' ஆக்கினால் யார் யார் உள்ளே வர முடியும்?

அட்மின்கள் மட்டும். வாடிக்கையாளர் பக்கம் மூடிவிடும், அதன் இடத்தில் நீங்கள் எழுதி வைத்த ஆஃப்லைன் பக்கம் வரும். சாதாரண ஏஜென்ட்டாலும் (டிக்கெட்டுக்குப் பதில் எழுதும் ஊழியர்) நுழைய முடியாது. அதனால் வேலை நேரத்தில் இதைச் செய்வதானால் ஏஜென்ட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

'ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ்' கட்டத்தை டிக் செய்யலாமா?

செய்ய வேண்டும், ஆனால் சர்வரில் எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் போட்ட பிறகு. முதலில் உங்கள் தள முகவரியை எச்டிடிபிஎஸ் சேர்த்து பிரவுசரில் திறந்து பாருங்கள். பூட்டு அடையாளம் வந்தால் டிக் செய்யுங்கள். வராத நிலையில் டிக் செய்தால் அட்மின் பக்கத்துக்கே போக முடியாது. பிறகு தரவுத்தளத்தைத் திறந்து கான்ஃபிக் அட்டவணையில் அந்த வரியை மாற்றித்தான் மீள வேண்டியிருக்கும்.

தேதி 03/04 என்று வருகிறது. மார்ச்சா, ஏப்ரலா?

அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வருகிறது. சிஸ்டம் பக்கத்தில் கீழே 'தேதி, நேரம்' பகுதியில் இயல்பான வட்டார வழக்கை (லொகேல்) ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றினால் நாள் முன்னால் வந்துவிடும். நேர மண்டலத்தில் இந்தியாவுக்கு ஆசியா/கொல்கத்தா, இலங்கைக்கு ஆசியா/கொழும்பு. இரண்டும் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால்தான் என்றாலும் அவரவர் ஊருக்கானதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் வட்டார வழக்குகளே வரவில்லை என்றால் பிஎச்பியின் 'இன்ட்ல்' நீட்டிப்பு சர்வரில் இல்லை என்று பொருள்.

ஏஜென்ட் ஒவ்வொருவரும் தன் ப்ரொஃபைலில் தனி நேர மண்டலம் வைத்துக்கொள்ளலாம். ஒரே டிக்கெட்டின் நேரம் இரண்டு பேருக்கு வேறு வேறாகத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

லோகோவையும் நிறத்தையும் எங்கே மாற்றுவது?

லோகோ, உள்நுழையும் பக்கத்தின் பின்னணிப் படம் இரண்டும் செட்டிங்ஸ் → கம்பெனி பக்கத்தில். முகப்பு வாசகம், நன்றி சொல்லும் பக்கம் ஆகியவற்றை மேனேஜ் → பேஜஸ் என்ற இடத்தில் எழுதிவிட்டு, கம்பெனி பக்கத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறம் மாற்ற செட்டிங் எதுவும் இல்லை. சிஎஸ்எஸ் கோப்பைத்தான் திருத்த வேண்டும். அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தும்போது அந்தத் திருத்தம் அழிந்துபோகும், அதனால் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் லோகோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இந்தத் தளத்தைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு மெயில்தான் ஹெல்ப்டெஸ்க்.

வாடிக்கையாளருக்குத் தெரிவதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். முடியுமா?

இதில் இரண்டு பகுதி உண்டு. பொத்தான், மெனு போன்ற மென்பொருளின் சொந்த வாசகங்கள் மொழிப் பொதியிலிருந்து வருபவை. நீங்களே எழுதுபவை வேறு: முகப்புப் பக்கம், உதவித் தலைப்புகள் (எதைப் பற்றிய புகார் என்று வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் பட்டியல்), படிவத்தின் கேள்விகள், மெயில் வார்ப்புருக்கள். இரண்டாவது வகையை யூனிகோட் தமிழில் நேரடியாக அடித்துவிடலாம்.

வாடிக்கையாளர் கண்ணில் அதிகம் படுவது மெயில் வார்ப்புரு என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். ஈமெயில்ஸ் → டெம்ப்ளேட்ஸ் போய், இருக்கும் தொகுப்பை நகலெடுத்து, நகலைத் தமிழாக்குங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். வாசகங்களுக்கு நடுவே சதவீதக் குறியில் தொடங்கி நெளிவு அடைப்புக்குள் வரும் மாறிகள் இருக்கும். டிக்கெட் எண், பெயர் ஆகியவை அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். அவற்றை ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது. முடிந்ததும் டிபார்ட்மென்ட் செட்டிங்ஸில் அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். மதுரைக் கிளைக்குத் தமிழ், பெங்களூருக் கிளைக்கு ஆங்கிலம் என்று டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிக்க இது வசதி.

'இந்த வரிக்கு மேலே பதில் எழுதவும்' என்று மெயிலின் தலையில் வரும் வரியையும் தமிழாக்கலாம். அது ஈமெயில் செட்டிங்ஸில் இருக்கிறது. பதில் மெயில் வரும்போது அந்த வரியைத் தேடித்தான் மென்பொருள் பழைய உரையாடலை வெட்டுகிறது. அதனால் மாற்றிய நாளில், ஏற்கெனவே ஆங்கில வரியோடு போன மெயில்களுக்கு வரும் பதில்கள் வாலோடு வந்து விழும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

மெயில் வழியாக டிக்கெட் வர என்ன செய்ய வேண்டும்?

ஈமெயில்ஸ் பகுதியில் ஒரு முகவரியைச் சேர்த்து, உள்வரும் பெட்டிக்கு ஐமேப் (வழக்கமாக 993 போர்ட்), வெளியே அனுப்ப எஸ்எம்டிபி (587 அல்லது 465) விவரங்களைக் கொடுக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கடவுச்சொல். மைக்ரோசாஃப்ட் 365இல் ஐமேப்புக்கு வெறும் கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறையை 2022 அக்டோபரிலிருந்து படிப்படியாக மூடிவிட்டார்கள். தனிநபர் ஜிமெயிலிலும் 'பாதுகாப்பு குறைந்த செயலிகள்' என்ற வழி 2022 மே மாத இறுதியில் போய்விட்டது. ஆஸ்டிக்கெட்டில் 1.17 முதல் ஓஆத் 2 (கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அனுமதி பெறும் முறை) செருகுநிரல் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஜிமெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 'ஆப் பாஸ்வேர்ட்' எடுத்தும் ஒப்பேற்றலாம்.

அடுத்த சிக்கல் நேரம். ஈமெயில் செட்டிங்ஸில் மெயில் எடுப்பதை இயக்கினால் மட்டும் போதாது. தானியங்கி க்ரான் (க்ரான் என்றால் குறித்த இடைவெளியில் ஒரு வேலையைத் தானாக ஓட்டுவது) கட்டத்தை நம்பினால், ஏஜென்ட் யாராவது பேனலைத் திறந்து வேலை செய்யும்போதுதான் மெயில் எடுக்கப்படும். இரவு எட்டு மணிக்கு வந்த புகார் காலை ஒன்பதுக்கு டிக்கெட் ஆகும், டிக்கெட்டில் ஒன்பது மணி என்றே பதிவாகும். சர்வரின் க்ரான் வேலையில் ஏபிஐ ஃபோல்டரில் உள்ள க்ரான் கோப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஈமெயில்ஸ் → டயக்னாஸ்டிக் பக்கத்திலிருந்து ஒரு சோதனை மெயிலை அலுவலக முகவரிக்கு அல்லாமல் வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். அலுவலகத்துக்குள் போகும் மெயில் ஸ்பேமில் விழாது. வெளியே போவதுதான் விழும்.

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான டிக்கெட் தானாக உருவாகிவிட்டது. ஏன்?

பெரும்பாலும் மெயில் சுழல். இரண்டு விதமாக நடக்கும்.

ஒன்று, அட்மினின் முகவரியோ ஏஜென்ட்டின் முகவரியோ ஹெல்ப்டெஸ்க் மெயில் எடுக்கும் அதே முகவரியாக இருப்பது. புது டிக்கெட் வந்ததும் அட்மினுக்கு எச்சரிக்கை போகும். அது அதே பெட்டியில் விழும், மென்பொருள் அதை எடுத்து டிக்கெட்டாக்கப் பார்க்கும். மென்பொருளுக்குள் தடுப்புகள் இருந்தாலும் அவற்றை நம்பி இப்படி அமைக்கக் கூடாது. கணினிக்கு ஒரு முகவரி, மனிதர்களுக்கு வேறு முகவரி. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

இன்னொன்று, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தானியங்கி இருப்பது. நீங்கள் 'உங்கள் டிக்கெட் பதிவானது' என்று அனுப்ப, அவர்களுடைய ஹெல்ப்டெஸ்க் 'உங்கள் மெயில் கிடைத்தது' என்று பதில் அனுப்ப, இரண்டு இயந்திரமும் விடிய விடிய மரியாதை பரிமாறிக்கொள்ளும். அப்படிப்பட்ட முகவரிகளுக்கு மேனேஜ் → ஃபில்டர்ஸில் ஒரு வடிகட்டி எழுதி, அதில் தானியங்கிப் பதிலை நிறுத்துங்கள். டிக்கெட் செட்டிங்ஸில் ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை திறந்த டிக்கெட் என்ற கட்டமும் கைகொடுக்கும். பூஜ்யம் என்றால் வரம்பில்லை. அங்கே ஐந்து என்று போட்டுவிடாதீர்கள். ஒரு கிளை அலுவலகமே ஒரே மெயில் முகவரியில் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆறாவது புகார் நின்றுவிடும்.

ஏஜென்ட்கள் மெயில் அதிகமாக வருகிறது என்று எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டார்கள். எதைக் குறைப்பது?

டிக்கெட் செட்டிங்ஸில் 'அலர்ட்ஸ் அண்டு நோட்டீசஸ்' என்ற தாவல்தான் முழு அட்மின் பேனலிலும் முக்கியமான பக்கம் என்பேன். புது டிக்கெட், புதுச் செய்தி, உள்குறிப்பு, ஒதுக்கீடு, இடமாற்றம், கெடு தாண்டியது என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் யார் யாருக்கு மெயில் என்று டிக் பெட்டிகள் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சப்போர்ட் டிபார்ட்மென்ட்டில் 12 பேர். நாளுக்கு 40 டிக்கெட். புது டிக்கெட் எச்சரிக்கையில் 'டிபார்ட்மென்ட் உறுப்பினர்கள்' என்ற பெட்டியை டிக் செய்திருந்தால் அதற்கு மட்டும் 480 மெயில். வாடிக்கையாளருக்குப் போகும் ஒப்புகை 40. மொத்தம் 520. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500தான் எல்லை. அதாவது மாலையில் வந்த வாடிக்கையாளருக்கு ஒப்புகை போகாது, ஏஜென்ட் எழுதிய பதிலும் போகாது, ஆனால் டிக்கெட்டில் பதில் எழுதியதாகவே தெரியும். 'பதில் போட்டோமே' என்று இவர்களும் 'எதுவும் வரவில்லையே' என்று அவர்களும் சண்டை பிடிக்கும் பல வழக்குகளின் வேர் இந்த ஒரு டிக் பெட்டி.

நான் வைக்கும் முறை: புது டிக்கெட்டுக்கு டிபார்ட்மென்ட் மேனேஜருக்கு மட்டும். புதுச் செய்திக்கு, டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் கடைசியாகப் பதில் எழுதியவருக்கும். ஒதுக்கீட்டுக்கு ஒதுக்கப்பட்டவருக்கு. கெடு தாண்டினால் ஒதுக்கப்பட்டவர், மேனேஜர் இருவருக்கும். அட்மின் முகவரியை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பிழைச் செய்திகள் மட்டும் அவருக்குப் போகட்டும்.

வாடிக்கையாளருக்குப் போகும் ஒப்புகைகள் பக்கத்துத் தாவலான 'ஆட்டோரெஸ்பாண்டர்' பக்கத்தில் இருக்கின்றன. புது டிக்கெட் ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று போவதை நிறுத்துங்கள்.

டிக்கெட் எண் ஏன் தாறுமாறாக வருகிறது? 1, 2, 3 என்று வரவைக்கலாமா?

இயல்பாக ஆறு இலக்கத் தற்செயல் எண் வரும், வேண்டுமென்றே வைத்தது. வரிசை எண் கொடுத்தால் உங்களுக்கு மாதத்துக்கு எத்தனை புகார் வருகிறது என்று இரண்டு டிக்கெட் போட்டவர் கணக்குப் போட்டுவிடலாம். மெயில் முகவரி தெரிந்தவர் பக்கத்து எண்ணை ஊகித்துப் பார்க்கவும் வழி உண்டு.

அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்துவதானால் வரிசை எண் பரவாயில்லை. டிக்கெட் செட்டிங்ஸில் எண் வடிவமும் வரிசையும் இருக்கின்றன. எத்தனை இலக்கமோ அத்தனை ஹேஷ் குறி. உதவித் தலைப்புக்குத் தனி வடிவமும் கொடுக்கலாம், முன்னால் ஒரு எழுத்துக்குறி சேர்த்தால் எண்ணைப் பார்த்ததுமே கணக்குப் பிரிவா கணினிப் பிரிவா என்று தெரிந்துவிடும்.

உதவித் தலைப்புகள் எத்தனை வைக்கலாம்?

ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். தலைப்பு அதிகமானால் மக்கள் 'இதர' என்பதைத்தான் அழுத்துவார்கள். பெயர்களை வாடிக்கையாளர் பேசும் மொழியில் வையுங்கள். 'நெட்வொர்க் உள்கட்டமைப்பு' என்று வைப்பதைவிட 'இன்டர்நெட் வரவில்லை' மேல். தலைப்போடு டிபார்ட்மென்ட், முன்னுரிமை, கெடு எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்பதால் இங்கே செலவிடும் ஒரு மணி நேரம் வீண் போகாது.

படிவத்தில் கேட்கும் விவரங்களையும் குறையுங்கள். ஆதார் எண், பிறந்த தேதி என்றெல்லாம் 'இருக்கட்டுமே' என்று கேட்டு வைப்பது ஆபத்து. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்டது. தேவையில்லாத தரவைச் சேர்த்து வைத்தால் காக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

போனில் எடுத்த படத்தை இணைத்தால் ஏறவில்லை. செட்டிங்ஸில் அளவைக் கூட்டியும் பலனில்லை.

சிஸ்டம் பக்கத்தில் உள்ளது ஏஜென்ட்டுக்கான அளவு. வாடிக்கையாளருக்கான அளவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: மேனேஜ் → ஃபார்ம்ஸ் → டிக்கெட் விவரப் படிவம், அதில் பிரச்சினையை விவரிக்கும் புலத்தின் 'கான்ஃபிக்' பொத்தான். எந்தக் கோப்பு வகைகளை அனுமதிப்பது என்பதும் அங்கேதான்.

அதற்கு மேலும் ஏறவில்லை என்றால் சர்வரைப் பாருங்கள். பிஎச்பியில் ஒரு கோப்புக்கான இயல்பான எல்லை 2 எம்பி. என்ஜின்எக்ஸ் வலை சர்வர் இன்னும் கறார், 1 எம்பிக்கு மேல் உள்ளேயே விடாது. போன் படம் இவை இரண்டையுமே சுலபமாகத் தாண்டும்.

இணைப்புகள் இயல்பாகத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. படம் நிறைய வரும் அலுவலகம் என்றால், கோப்பு முறைமையில் சேமிக்கும் செருகுநிரலை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் காப்புப்பிரதி வீங்கிவிடும்.

பொங்கல் விடுமுறையில் டிக்கெட்டெல்லாம் கெடு தாண்டியதாகச் சிவப்பாகிவிட்டது.

உங்கள் கடிகாரம் அமெரிக்க நாட்காட்டியில் ஓடுகிறது. 1.14 முதல் வேலை நேர அட்டவணை வசதி உண்டு. நிறுவும்போதே சில அட்டவணைகள் வந்துவிடும். அவற்றில் ஒன்று திங்கள் முதல் வெள்ளி, காலை 8 முதல் மாலை 5, அமெரிக்க விடுமுறைகளோடு. இயல்பான எஸ்எல்ஏ (டிக்கெட்டை முடிக்க வைத்த கெடு) 18 மணி நேரம். நாளுக்கு ஒன்பது மணி என்று பார்த்தால் சரியாக இரண்டு வேலை நாள். இதை அப்படியே விட்டால் ஜூலை 4 அன்று நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கடிகாரம் நிற்கும், மாட்டுப் பொங்கலன்று அலுவலகம் பூட்டியிருக்கும்போது ஓடும்.

மேனேஜ் → ஷெட்யூல்ஸ் பக்கத்தில் 'விடுமுறை' வகையில் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நிலையான நாட்களை ஆண்டுதோறும் திரும்ப வருமாறு போடலாம். தீபாவளி, ரம்ஜான் போன்றவை தேதி மாறுபவை, அவற்றை அந்தந்த ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் என்று போட வேண்டும். பொங்கலும் ஜனவரி 14, 15 என்று இடம் மாறும். ஜனவரி தொடக்கத்தில் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நிரப்பும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.

பிறகு 'வேலை நேரம்' வகையில் இன்னொரு அட்டவணை. சனிக்கிழமை அரை நாள் என்றால் அதற்குத் தனி வரி. அட்டவணைக்கும் நேர மண்டலம் உண்டு, அதையும் பாருங்கள். இந்த வேலை நேரத்தோடு விடுமுறை அட்டவணையை இணைத்து, கடைசியில் மேனேஜ் → எஸ்எல்ஏ போய் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு 'எல்லாம் போட்டும் மாறவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பேர் பதில் அனுப்பிவிடுகிறார்கள்.

சிஸ்டம் பக்கத்தில் மோதல் தவிர்ப்பு நேரம் என்று நிமிடக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் கையில் டிக்கெட் பூட்டப்படும் நேரம் அது. பூஜ்யம் போட்டால் பூட்டே இல்லை. பூட்டு எப்போது விழ வேண்டும் என்பது டிக்கெட் செட்டிங்ஸில்: திறந்து பார்த்தாலே பூட்டுவதா, தட்டச்சு செய்யத் தொடங்கினால் பூட்டுவதா என்று. இரண்டாவதே நல்லது. முதலாவதை வைத்தால் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவர் பெயரில் டிக்கெட் மாட்டிக்கொள்ளும்.

வாடிக்கையாளர் பதிவு செய்தால்தான் டிக்கெட் போட முடியும் என்று வைக்கலாமா?

அலுவலகத்துக்குள் ஓடும் ஹெல்ப்டெஸ்க் என்றால் வைக்கலாம். பொதுமக்களுக்கு என்றால் வேண்டாம். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவரிடம் கடவுச்சொல் உருவாக்கச் சொன்னால் அவர் போனைத்தான் எடுப்பார். பதிவைக் கட்டாயமாக்காமல், டிக்கெட் நிலை பார்க்கும்போது மெயில் சரிபார்ப்பைக் கேட்கும் கட்டத்தை இயக்கிவிடுங்கள், அது செட்டிங்ஸ் → யூசர்ஸ் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பேமுக்குக் கேப்ச்சா உண்டு, ஆனால் அது வலைப் படிவத்துக்கு மட்டும். மெயிலில் வரும் குப்பைக்கு மெயில் சர்வரிலேயே வடிகட்டி வையுங்கள்.

செட்டிங்ஸை மாற்றி எல்லாம் குழம்பிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தான் உண்டா?

கிடையாது. இந்தப் பக்கங்களில் நீங்கள் வைக்கும் மதிப்புகள் பெரும்பாலும் தரவுத்தளத்தின் கான்ஃபிக் அட்டவணையில் வரி வரியாக இருக்கின்றன. பெரிய மாற்றத்துக்கு முன் அந்த ஒரு அட்டவணையை மட்டும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டால், திரும்பக் கொண்டுவருவது சில நிமிட வேலை. டிக்கெட்கள் வேறு அட்டவணைகளில் இருப்பதால் இடையில் வந்தவை போகாது. ஆனால் வரிசை எண், வேலை நேர-விடுமுறை அட்டவணைகள், வடிகட்டிகள், உதவித் தலைப்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகள் உண்டு, அவற்றில் கை வைக்கும் நாளில் முழுத் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பை மேம்படுத்தும் நாளில் கான்ஃபிக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லும், சில விவரங்களை மறையாக்கம் செய்யும் ரகசியச் சாவியும் அதில்தான் இருக்கின்றன. அந்தச் சாவி தொலைந்தால் சேமித்து வைத்த மெயில் கடவுச்சொற்களை எல்லாம் மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும்.